ஆறு பழம், ஒரு கிளாஸ்

தம்பி,

இங்கே எல்லாரும் நலம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கப் பார்த்தேன், கை ஓடவில்லை. இந்த வீட்டில் எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான், அந்த ஒருத்தியும் நலமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பேசி வைத்ததிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். நீ கேட்டது சாதாரணக் கேள்விதான். "அம்மா, நானும் சுமதியும் ஒரு ஜூஸர் வாங்கலாம்னு இருக்கோம். எது நல்லா இருக்கும்? ஒங்களுக்குத்தான் மெஷின் சாமானெல்லாம் தெரியுமே" என்றாய். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளை, கோலாலம்பூரில் புதுக் குடித்தனம் வைத்துக்கொண்டு, ஒரு சாமான் வாங்க அம்மாவிடம் யோசனை கேட்கிறான் என்றால் எந்தத் தாய்க்குத்தான் மனம் குளிராது? எனக்கும் குளிர்ந்தது, நீ அடுத்ததைச் சொல்லும் வரைக்கும்.

"ஆபீஸ்ல மெடிக்கல் செக்கப் வச்சாங்கம்மா. பிரஷர் கொஞ்சம் கூட இருக்காம், யூரின்ல புரோட்டீன் போகுதாம். ஒண்ணும் பயப்பட வேண்டாம்லா, ஆறு மாசம் கழிச்சு வான்னுட்டாங்க. கூட வேலை செய்யிறவரு சொல்றாரு, தெனம் காலையில பெலிம்பிங் பழத்து ஜூஸ் ஒரு கிளாஸ் குடிச்சா பிரஷர் தானா எறங்கிடுமாம். அதுக்குத்தான் ஜூஸர்" என்றாய். "அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாய். "பெலிம்பிங்க மட்டும் தொடாத. வாயில வைக்காத. மத்தத நான் கடுதாசியில எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைக்கும்போது நீ சுமதியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எதற்கெடுத்தாலும் பயம் என்று சொல்லியிருப்பாய். சொல்லிக்கொள். ஆனால் இந்தக் கடிதத்தை மட்டும் கடைசிவரை படி, சுமதியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். எட்டு வருஷமாக ஒரு மனுஷரிடமும் சொல்லாத விஷயம், அது போனில் எப்படி வரும்?

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கிழவி வேறு கதை பேசுகிறாள் என்பாய். ஜூஸர் வேறு, பிளெண்டர் வேறு. பிளெண்டர் பழத்தை மொத்தமாக அரைத்து, சக்கையோடு கொடுக்கும். ஜூஸர் சக்கையைத் தனியாகத் துப்பிவிட்டுச் சாற்றை மட்டும் கொடுக்கும். கடையில் ஓட்டிக் காட்டுகிற ஆள் மோட்டாரைப் பற்றித்தான் பேசுவான். நீ மோட்டாரைப் பார்க்காதே, மூடியைப் பார். மூடியைக் கொக்கி போட்டுப் பூட்டாவிட்டால் சுவிட்சைத் தட்டினாலும் ஓடக் கூடாது, அப்படிப்பட்டதுதான் வீட்டுக்கு லாயக்கு. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். நம் வீட்டில் முதல் முதலாகக் கேரட் போட்ட அன்றைக்கு, கொக்கியை மாட்டாமல் சுவிட்சைத் தட்டினது யார்? மூடி பறந்து, கேரட் மேலே போய், அப்பா சட்டையெல்லாம் ஆரஞ்சு நிறம். சமையலறைக் கூரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. பெயிண்ட் அடிக்க வந்தவரிடம் அப்பா, "அத விடுங்க, அது எம் மவன் போட்ட கோலம்" என்றார்.

பிறகு அந்த வலைக் கூடையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஓட்டைகள் ஒரே சீராக இருக்கிறதா, ஓரத்தில் பிசிறு நிற்கிறதா என்று பார். பிசிறு இருந்தால் நாலு மாதத்தில் கிழியும், கிழிந்தால் கம்பித் துணுக்கு ஜூஸில் வரும். எத்தனை பாகம் கழுவ வேண்டும் என்று எண்ணு. ஐந்துக்கு மேல் போனால் சுமதி ஒரு மாதம் கழுவுவாள், அப்புறம் உன்னைக் கழுவச் சொல்வாள், அப்புறம் மெஷின் அலமாரிக்கு மேலே ஏறிவிடும். பழத்தைத் தள்ளக் கட்டை கொடுத்திருப்பார்கள், அதைத் தொலைத்துவிட்டு விரலை விடாதே. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இங்கே பாயான் லெப்பாஸ் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் பதினாறு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிசான கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தவள் நான். ஒரு புள்ளி கறுத்திருந்தாலும் ரிஜெக்ட் தட்டில் எடுத்து வைத்துவிடுவேன். என் கையைத் தாண்டி ஒரு குறை வெளியே போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்லுவார். அப்படிப்பட்டவளின் வீட்டில், அவள் கண்ணுக்கு முன்னால் நடந்ததைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

நம் வீட்டு ஜூஸரை நான் பார்த்து வாங்கவில்லை, அது உனக்கு நினைவிருக்கும். பேக்டரி ஆண்டு விருந்தில் லக்கி டிராவில் விழுந்தது. என் நம்பரைக் கூப்பிட்டபோது நான் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தேன். என்னோடு லைனில் உட்காரும் லெட்சுமிதான், "ஐயோ அக்கா, ஒங்க நம்பர்லா! போங்க, போங்க!" என்று பிடித்துத் தள்ளினாள். பெட்டியோடு பேக்டரி பஸ்ஸில் வந்து இறங்கினேன். அப்பா வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "இருவது வருஷமா நான் லாட்டரி நம்பர் எடுக்குறேன், ஒரு தடவ விழல. நீ சோறு திங்கப் போன எடத்துல மெஷினோட வர்ற. ஒனக்கு அதிர்ஷ்டம்டி" என்றார். துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த மனுஷர், வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பெட்டியைத்தான் முதலில் காட்டினார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். தீபாவளி லீவுக்கு நீ வந்தபோதுதான் பெட்டியைப் பிரித்து அந்தக் கேரட் கூத்து நடந்தது. லீவு முடிந்து நீ ஜொகூருக்குப் படிக்கப் போய்விட்டாய்.

நீ போன பிறகு அப்பாவுக்குக் கால் கொஞ்சம் வீங்க ஆரம்பித்தது. கிளினிக்கில் பிரஷர் ரொம்பக் கூட இருக்கிறது, கிட்னியும் கொஞ்சம் வீக், உப்பைக் குறை, மாத்திரையை விடாதே என்றார்கள். உனக்கு எழுத வேண்டாம் என்று அப்பா தடுத்துவிட்டார், பிள்ளை படிப்பு கெடும் என்று. நான் பயந்துவிட்டேன் தம்பி. நான் எப்படிப் பயப்படுகிறவள் என்று உனக்குத் தெரியும். பயந்தால் என்னால் சும்மா உட்கார முடியாது, கையால் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். பஸ்ஸில், கேண்டீனில், பாசாரில், பார்க்கிற ஆட்களிடமெல்லாம் பிரஷருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். எல்லாரும் ஒரே வாயாக பெலிம்பிங் என்றார்கள். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அந்த மஞ்சள் பழம்தான். மலாய்க்காரர்களும் சொன்னார்கள், சீனர்களும் சொன்னார்கள், நம் ஆட்களும் சொன்னார்கள். அவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவரவர் வீட்டில் குடித்து நல்லபடியாக இருந்தவர்கள்தான். அவர்கள் எல்லாருக்கும் கிட்னி நன்றாக இருந்தது, வித்தியாசம் அவ்வளவுதான். அதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாள் இரண்டு பழம் போட்டேன். கால் கிளாஸ்தான் வந்தது. கால் கிளாஸைக் கொண்டுபோய்ப் புருஷனிடம் நீட்ட எனக்கே கஞ்சத்தனமாகத் தெரிந்தது, ஏதோ மெஷினுக்குக்கூட இழுக்கு மாதிரி. அடுத்த நாள் நாலு. அதற்கப்புறம் ஆறு. ஆறு போட்டால் கிளாஸ் விளிம்பு வரைக்கும் நுரையோடு நிற்கும், பார்க்கவே ஒரு திருப்தி. ஜூஸரில் நான் காணாமல் விட்ட குறை இதுதான், எந்தக் கடைக்காரனும் உனக்கு இதைச் சொல்லமாட்டான். ஆறு பெலிம்பிங்கை நறுக்கித் தட்டில் வைத்து ஒருவரைச் சாப்பிடச் சொல்லு பார்ப்போம். இரண்டாவது பழத்திலேயே பல் கூசும், போதும் என்று தட்டைத் தள்ளிவிடுவார். வாய் கணக்குப் பார்க்கும். மெஷினுக்கு அந்த வாய் கிடையாது, ஆறு போட்டாலும் பத்து போட்டாலும் சத்தம் போட்டு அரைத்து ஒரு கிளாஸில் அடக்கிக் கொடுத்துவிடும்.

அப்பாவுக்கு அந்தப் புளிப்பு துளிகூடப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பார். குடித்து முடிக்கும்வரை நான் எதிரிலேயே நிற்பேன். இரண்டு வாரம் அப்படிப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கிளாஸை நீட்டியபோது, "இன்னிக்கு வேணாண்டி. வயிறு என்னமோ மாதிரி இருக்கு" என்றார். அப்போது நான் சொன்ன பதிலைத்தான் எட்டு வருஷமாக நான் யாருக்கும் சொல்லவில்லை. "ஆறு பழம் பிழிஞ்சிருக்கேன். சாக்கடையில ஊத்தச் சொல்றீங்களா? ஒங்க ஒடம்புக்குத்தான நான் காலையில எழுந்து மெஷினோட மல்லுக்கட்டுறேன்?" என்று சண்டைக்குப் போனேன். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். "சரி கொண்டா, கத்தாத" என்று வாங்கிக் குடித்தார். எனக்காகத்தான் குடித்தார் தம்பி.

பத்து மணி வாக்கில் விக்கல் ஆரம்பித்தது. விக்கல் வந்தால் நம் வீட்டில் என்ன சொல்வோம்? யாரோ நினைக்கிறார்கள் என்போம். "ஒங்க மவன்தான் நெனைக்கிறான்" என்றேன். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஹாஸ்டல்ல சாப்பாடு சரியில்ல போல. ஞாயித்துக்கெழம இல்ல, ஒன் கோழிக்கறி நெனப்பு வந்திருக்கும்" என்றார் விக்கிக்கொண்டே. "எங்க, அவன் பேரச் சொல்லு, நிக்குதா பாப்போம்." நான் உன் பேரைச் சொன்னேன். ஒரு அரை நிமிஷம் நின்றது தம்பி! நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கையைத் தட்டிச் சிரித்தோம். மறுபடி வந்தது. இன்னொரு தடவை உன் பேரைச் சொன்னேன், நிற்கவில்லை. சுங்கை பாக்காப்பில் இருக்கும் அவருடைய அக்கா பேரைச் சொன்னேன், ஆபீஸ் ஆட்கள் பேரையெல்லாம் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன், சீனியை நாக்கில் வைத்தேன். பின்னால் போய் நின்று திடீரென்று கத்திப் பயமுறுத்தினேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும் விக்கல் நிற்கவில்லை. சாயங்காலமும் நிற்கவில்லை. "இன்னுமா ஒங்க மவன் நெனச்சுக்கிட்டிருக்கான்? படிக்கிறானா இல்லியா?" என்று நான் கேலி பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிரிப்பதை நிறுத்தி ரொம்ப நேரம் ஆகியிருந்தது, அதை நான் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று காலையில் எனக்கென்று இன்னொரு கிளாஸும் பிழிந்திருந்தேன். ஒரு வாய் வைத்தேன், புளிப்புத் தாங்காமல் ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டேன். என்னால் குடிக்க முடியாததைத்தான் தினம் அவர் குடிக்க வேண்டும் என்று எதிரில் நின்றேன், பார்த்துக்கொள். சாயங்காலம் விக்கி விக்கித் தொண்டை வறண்டிருக்கும், சில்லென்று இருந்தால் இதமாக இருக்கும் என்று அந்தக் கிளாஸை எடுத்துக் கொடுத்தேன். குடித்தார். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார். பித்தம் என்று இஞ்சி தட்டிப்போட்டேன்.

மறுநாள் காலை நான் கோப்பி கொண்டுபோய் எழுப்பினேன். கண்ணைத் திறந்து பார்த்தார். "நீங்க யாரும்மா? வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து வாடி போடியைத் தவிர வேறு எதுவும் சொல்லாத மனுஷர் என்னை நீங்க என்கிறார். அந்த மரியாதையைக் கேட்டவுடன் வாசலுக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன். கோப்பியை எங்கே வைத்தேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் கெரேத்தாவை எடுக்க, நாலு பேர் பிடித்துப் பின் சீட்டில் ஏற்றினோம். நடை தள்ளாடியது, நாக்கு குழறியது, விக்கல் மட்டும் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அங்கே நின்றவர்கள் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. காலங்காத்தாலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறான் பார் என்று பார்த்தார்கள். ஒரு பொம்பளை மூக்கைக்கூடப் பொத்திக்கொண்டாள். அவமானத்தில் கூனிக் குறுகி நான் அவரைத் தாங்கிக்கொண்டு நடந்தேன்.

உள்ளே நம் தமிழ் மிஸ்ஸி ஒருத்தி, சின்ன வயசு நர்ஸ், கையில் அட்டையோடு வந்தாள். "நேத்து என்னம்மா சாப்ட்டாரு?" என்று கேட்டாள். சோறு, ரசம், பயத்தங்காய், ராத்திரி ரொட்டி என்று ஒன்று விடாமல் சொன்னேன். சாப்பிட்டது என்றுதானே கேட்டாள், ஜூஸ் சாப்பாடா? அது என் நினைவிலேயே வரவில்லை. அடுத்ததாக அவள் கேட்டாள், "வேற ஏதாச்சும் குடிச்சாரா?" அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "யாரப் பாத்து என்ன கேக்குற நீ? எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பழக்கமே கெடையாது! இன்னிவரைக்கும் ஒரு பீர் போத்தல் எங்க வீட்டுக்குள்ள வந்ததில்ல! குடிகாரன்னு நெனச்சியா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "இல்லம்மா, நான் அப்பிடிக் கேக்கல" என்று ஏதோ சொல்ல வந்தாள், நான் விடவில்லை. குனிந்து அட்டையில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலாவது நாள் அப்பா போய்விட்டார்.

அதற்கு முந்தின நாள்தான் நீ பஸ் பிடித்து, ஃபெர்ரி பிடித்து, அழுக்குச் சட்டையோடு வந்து நின்றாய். நான் உன்னை முதலில் என்ன கேட்டேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு எங்கள நெனச்சியா?" என்று கேட்டேன். நீ திருதிருவென்று விழித்தாய். "பந்து வெளையாடிக்கிட்டிருந்தேம்மா" என்றாய். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அன்றைக்கு நீ உன் அத்தையிடம் சொல்லி அழுதாயாம். அந்தக் கேள்விக்கு அர்த்தம் இன்றைக்குத்தான் உனக்குத் தெரிகிறது. அப்பாவுக்கு விக்கலை வரவழைத்தது உன் நினைப்பு இல்லை என்று எனக்கு அன்றே தெரிந்துபோனது, வேறு எது என்றுதான் தெரியவில்லை.

அது தெரிய இன்னும் நாலு வருஷம் ஆனது. லெட்சுமியின் அம்மாவுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் வார்டில் துணைக்கு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கிழவிக்கு யாரோ பழம் வாங்கி வந்திருந்தார்கள். மிஸ்ஸி பையைப் பிரித்துப் பார்த்தவள், பாம்பைப் பார்த்ததுபோலப் பின்னால் போனாள். "பெலிம்பிங்கா? கிட்னி வீக்கா உள்ளவங்களுக்கு இதக் குடுக்கவே கூடாது ஆன்ட்டி. மொதல்ல விக்கல் வரும், நிக்காது. அப்புறம் ஆளே அடையாளம் தெரியாது" என்றாள். "ஜூஸா குடுத்தா?" என்று கேட்டேன். "அது இன்னும் மோசம். எத்தன பழம் உள்ள போகுதுன்னே தெரியாதே" என்றாள். அவளிடம் அப்பா கதையை வேறு யாருடைய கதை மாதிரியோ சொல்லிக் கேட்டேன். "அதுவாத்தான் இருக்கும்னு இப்ப எப்பிடி ஆன்ட்டி சொல்றது? கிட்னி ஏற்கனவே கெட்டிருந்தா வேற காரணமும் இருக்கலாம். குடிச்சத மட்டும் அப்பவே சொல்லியிருந்தா நல்லது" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையோடு நான் இந்த நாலு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

இப்போது உனக்குப் புரிகிறதா, நீ பெலிம்பிங் என்றதும் நான் ஏன் ஊமையாகிவிட்டேன் என்று? உன் பிரஷர், உன் யூரினில் போகிற புரோட்டீன், இதெல்லாம் அப்பாவின் சீட்டில் நான் பார்த்த வார்த்தைகள். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன், இந்த நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் என் பயத்தை நம்பி நீ எதுவும் செய்யாதே. அன்றைக்கு அப்பா கையில் கிளாஸைத் திணித்ததும் இதே பயம்தான், இதே பிரியம்தான். அதனால் நான் உனக்கு எந்தப் பழத்தையும் மருந்தென்று சொல்லமாட்டேன், இளநீரைக்கூடச் சொல்லமாட்டேன். ஆறு மாதம் காத்திருக்காதே. கடிதம் கிடைத்த மறுநாளே லீவு போட்டுவிட்டு, கிட்னி பார்க்கிற டாக்டரிடம் போ. அப்பாவுக்கு இப்படி இருந்தது என்று நீயே முந்திக்கொண்டு சொல். என்ன சாப்பிடுகிறாய், என்ன குடிக்கிறாய் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல், அவர்கள் கேட்காவிட்டாலும் சொல். சுமதி, இதைப் படிக்கிறாய் அல்லவா, அவன் கூடவே நீயும் போம்மா. அவன் ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சிரிக்கிறவன், அவன் அப்பா மாதிரியே.

ஜூஸருக்கு வருகிறேன். நம் வீட்டு மெஷின் ஸ்டோரில்தான் இருக்கிறது, கல்யாணத்துக்கு வந்தபோது நீ பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்கேம்மா, நாங்க எடுத்துக்கிட்டுப் போறோமே" என்றாய். நான் மோட்டார் எரிந்துவிட்டது என்றேன். அது பொய். அந்த மெஷினில் இன்றைக்கும் ஒரு குறையும் கிடையாது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாலும் பாஸ்தான் ஆகும். ரிஜெக்ட் தட்டில் வைக்க வேண்டியவள் நான்தான். அதை உனக்கும் கொடுக்க முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. அவர் அதிர்ஷ்டம் என்று சொன்ன பொருள் அது.

டாக்டர் பார்த்துவிட்டு, உன் கிட்னியில் கோளாறு இல்லை, எதையும் குடிக்கலாம் என்று சொன்னால், நான் மேலே எழுதியபடி மூடியையும் வலையையும் பார்த்து நல்லதாக ஒன்று வாங்கிக்கொள், நான் தடுக்கவில்லை. அதுவரைக்கும் உங்கள் வீட்டுக்கு ஒரு ஜூஸர் போதும். எலுமிச்சம்பழம் பிழிகிற கண்ணாடிக் கிண்ணம், நடுவில் கூம்பு மாதிரி இருக்குமே, அதை நேற்று மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பாத்திரக் கடையில் வாங்கி, நாலு மடிப்புச் சேலைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கழுவ ஒரே பாகம். கரண்டு வேண்டாம். ஒரு பழம் பிழிந்தாலே மணிக்கட்டு வலிக்கும், இரண்டாவது பழத்துக்குக் கை யோசிக்கும். அப்படி யோசிக்க வைக்கிற ஜூஸர்தான் எனக்குத் தெரிந்து வீட்டுக்கு நல்ல ஜூஸர். அதில்கூட எலுமிச்சை பிழியலாமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுப் பிழி. அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், அதை மடியில் வைத்துக்கொண்டு நானே வருகிறேன். நான் வந்து சேரும்போது டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு மேசைமேல் இருக்க வேண்டும்.

நீ அந்தப் பழத்தை இதற்குள் எங்காவது குடித்திருந்தால், ஒரு வாய் குடித்திருந்தாலும், என்னிடம் மறைக்காதே, நான் திட்டமாட்டேன். உனக்கு விக்கல் வந்து நிற்காமல் போனால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடு. சுமதி, அவனுக்கு விக்கல் வந்தால் அத்தை நினைக்கிறார்கள் என்று விளையாட்டுக்கும் சொல்லிவிடாதேம்மா. நான் நினைப்பதால் விக்கல் வருமென்றால், தம்பி, நீ பிறந்த நாளிலிருந்து உனக்கு ஒரு நிமிஷம்கூட நின்றிருக்காது.

அம்மா